குவோ ஷானின் வாயை அடைத்த கதை

சக்கரவர்த்தி மாறினாலும் வரி மாறாது என்று மஞ்சள் நதிக்கரையில் ஒரு பேச்சு உண்டு. அப்படி மாறாத வரி வாங்கிய ஒரு சக்கரவர்த்தியின் காலத்தில், நதி இரண்டு தடவை கரையுடைத்து ஒரு தடவை அடியோடு வற்றிப்போன ஒரு தலைமுறையில், ஒரே ஒரு தெருவும் அதைச் சுற்றி ஒரு மண்மதிலும் மட்டுமே இருந்த லியூஜிங் என்ற ஊரின் தெற்கு வாசலில், கலகக்காரன் குவோ ஷானின் தலையைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். மறுநாள் காலையில் அந்தத் தலை, முட்டைக்கூடையோடு வாசலைத் தாண்டிய ஒரு பெண்ணைப் பார்த்து, "மழை வருது, கூடையை மூடிக்கோ" என்றது. அவள் மூடிக்கொண்டாள். மழையும் வந்தது. தலை பேசியதைவிட மழை வந்ததுதான் அன்றைக்கு ஊருக்குப் பெரிய சேதி, ஏனென்றால் அந்த வருஷம் தினைப்பயிர் பாதி கருகிக் கிடந்தது.

சேதி தெருவின் கடைசி வீட்டுக்கு வந்தபோது சுன்யான் கல்லில் மாவரைத்துக்கொண்டிருந்தாள். குவோ ஷானுக்கு அவள் கூடப்பிறந்த அக்கா. கலகக்காரனின் வேரையும் கிளையையும் வெட்டிவிடுவது அரசாங்கத்தின் வழக்கம்தான் என்றாலும், கட்டிக்கொடுத்த பெண் கணவன் வீட்டுச் சொத்து, பிறந்த வீட்டுப் பாவம் அவளைத் தொடாது என்று சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. கணவன் போன பிறகும் அந்தச் சந்தில்தான் அவள் உயிரோடு ஒண்டிக்கொண்டிருந்தாள். தலை பேசுகிறது என்று கேட்டதும் அவளுக்குத் துக்கம் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. பயம்தான் வந்தது.

குவோ ஷான் பிறந்தபோது வானத்திலிருந்து சிவப்பு நட்சத்திரம் விழுந்தது என்று பின்னாளில் அவன் படையாட்கள் பாடினார்கள். அதெல்லாம் சுத்தப் புளுகு. பிரசவத்துக்கு வெந்நீர் போட்டவளே சுன்யான்தான், அவளுக்குத் தெரியாத நட்சத்திரமா? அப்பாவைக் கரை கட்டும் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். கரை உடைந்தபோது அவரும் அதோடு போனார். அம்மா பஞ்சத்தில் வெள்ளைக் களிமண்ணைத் தின்று வயிறு உப்பிச் செத்தாள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வீடு வீடாகப் பாத்திரம் கழுவி, மிஞ்சிய கஞ்சியை அவனுக்கு ஊட்டி வளர்த்தவள் அக்கா. அவன் வளர்ந்து, அப்பா செத்த அதே கரையில் மண் சுமந்து, ஒரு வருஷம் வரிக்காரர்கள் விதைத்தினையையும் துடைத்து எடுத்துப்போனபோது, மண்வெட்டியால் அரசாங்கக் களஞ்சியத்தின் பூட்டை உடைத்து, "பசிக்கிறவன் எல்லாம் வா" என்று ஒரு குரல் கொடுத்தான். சாயங்காலத்துக்குள் ஒரு கூட்டம் சேர்ந்தது, அடுத்த அறுவடைக்குள் அது படையானது, அதற்கடுத்த அறுவடையில் அவன் தனக்கு 'வடவானத்து நீதிராஜா' என்று பட்டம் சூட்டிக்கொண்டு, சக்கரவர்த்திக்கு மட்டுமே உரிய மஞ்சள் குடை பிடிக்கவைத்தான்.

நல்லவனா கெட்டவனா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? களஞ்சியங்களைத் திறந்துவிட்டான், கடன் சிறையில் கிடந்தவர்களை விடுவித்தான், அது நிஜம். தாவ்ஜோ என்ற நகரம் அவன் வந்தபோது கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டது. உள்ளே நுழைந்தபின் அந்த நகரத்தில் அழுவதற்குக்கூட ஆள் மிச்சமில்லாமல் செய்தான், அதுவும் நிஜம். பசியைப் பொறுத்தாலும் பொறுப்பான், சாத்திய கதவை மட்டும் அவனால் பொறுக்க முடியாது என்று அவன் ஆட்களே சொன்னார்கள்.

ஏறினவன் இறங்கித்தானே ஆகவேண்டும்? படை பட்டினியில் கரைந்து, குடை பிடித்தவனே குடையோடு ஓடிப்போன பிறகு, போன குளிர்காலத்தில், முதல் பனி கொட்டிய ஒரு சாயங்காலம், குவோ ஷான் கால்விரல் கறுத்து, கந்தல் சுற்றிக்கொண்டு, தன்னந்தனியாகப் பிறந்த ஊருக்கு வந்தான். தெருவின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கதவாகத் தட்டி, மாமா, அத்தை, அண்ணே என்று முறை சொல்லிக் கூப்பிட்டான். கலகக்காரனுக்கு ஒரு வாய் சோறு போட்டவனுக்கும் தலை போகும், அப்படிப் போட்டது தெரிந்தும் அன்றைக்கே சொல்லாத தெருவுக்கும் தலை போகும் என்று பறையடித்துச் சொல்லியிருந்த நேரம். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் மூச்சுச் சத்தம் கேட்டது, தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை. கடைசி வீட்டுக் கதவு மட்டும் திறந்தது. சுன்யான் அவனை உள்ளே இழுத்து, காலைத் தேய்த்து, இருந்ததைப் போட்டு, அடுப்போரம் படுக்கவைத்து, விடிவதற்குள் உறைந்த நதிமேல் அனுப்பிவைத்தாள். மறுநாள் பக்கத்து வீட்டு ஜின்னியாங் வந்து, வாசற்பனியில் இருந்த காலடித்தடத்தைப் பார்த்தாள், சுன்யான் முகத்தைப் பார்த்தாள், துடைப்பத்தை எடுத்துத் தடத்தைக் கூட்டிவிட்டுப் போனாள். அதைப்பற்றி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

படகுத்துறையில் அவன் பிடிபட்டு, தலைநகரத்துக்குப் போய், மரணதண்டனைக்கென்று ஒதுக்கிவைத்த இலையுதிர்காலத்தில் தலையாகத் திரும்பி வந்தான். இப்போது அந்தத் தலை பேசுகிறது. சுன்யானுக்கு வந்த பயம் எதற்கு என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்குப் பயம் தெளிய அதிக நாள் பிடிக்கவில்லை. மனிதர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள்? வாசலில் காவலிருந்த சிப்பாய்கள் தாயம் உருட்டும்போது தகராறு வந்தால் மேலே நிமிர்ந்து கேட்டார்கள். யார் காயை மறைத்தான் என்று தலை சொன்னது. வாத்து எந்தப் புதரில் முட்டையிட்டது, எந்தச் சாலையில் வரிக்காரனின் குதிரை வருகிறது, தொலைந்த எருது எந்தப் பள்ளத்தில் கால் உடைந்து கிடக்கிறது என்று உயரத்திலிருந்து பார்த்துச் சொன்னது. முகஸ்துதி மட்டும் அதற்கு வரவில்லை. புதுப்பெண் ஒருத்தி சிவப்பு உடுப்பைக் காட்டி எப்படியிருக்கிறது என்று ஆசையாகக் கேட்டபோது, "உங்க மாமியார் கட்டினது, கிழிஞ்சதைத் திருப்பித் தைச்சிருக்காங்க" என்றது. கல்யாண வீட்டில் பெரிய ரகளை; ஆனால் தையலைப் பிரித்துப் பார்த்தால் சொன்னது சரி. அன்றிலிருந்து 'செத்த வாய் பொய் சொல்லாது' என்பது லியூஜிங்கின் பழமொழியாகிவிட்டது. தெருவின் நாட்டாமையான பெங் வென், சந்தைக்குப் போன இடமெல்லாம் எங்கள் ஊர்த் தலையைப்போல் உண்டா என்று பீற்றிக்கொண்டார். தன் வாயால் கெடுவது தவளை மட்டுமா?

ஒன்றை மட்டும் தலை சொல்லவே இல்லை. அந்தப் பனிச் சாயங்காலத்தைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கதவு திறக்காதவர்கள் தினமும் அதன் கீழே நடந்தார்கள், அது அவர்களைப் பேர் சொல்லி, முறை சொல்லி விசாரித்தது, அவர்களும் நல்லபடியாகப் பதில் சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டியதும் நடையைத் துரிதப்படுத்தினார்கள். நாய்கள் தெற்கு வாசல் பக்கம் போவதையே விட்டுவிட்டன.

சுன்யான் ஒருநாள் விறகுக்குப் போகிறமாதிரி போனாள். சிப்பாய்கள் வெயிலில் கண்ணயர்ந்திருந்தார்கள்.

"தம்பி."

"வா அக்கா. மெலிஞ்சுட்டே."

"உனக்கு வலிக்குதாடா?"

"கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை அக்கா. என்ன வலிக்கப்போகுது?"

அவள் அழுதாள். அழுது முடித்து, குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு நான் திறந்ததை யார்கிட்டயும் சொல்லிடாதேடா" என்றாள்.

தலை காற்றில் லேசாகத் திரும்பித் தெருவைப் பார்த்தது. "இங்கேயிருந்து எல்லாக் கதவும் தெரியுது அக்கா" என்றது. "பொழுது சாஞ்சதும் ஒவ்வொண்ணாச் சாத்துறாங்க. தினம் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

அவள் விறகு இல்லாமல் வீடு திரும்பினாள்.

பீற்றல் சந்தை சந்தையாகப் போய்த் தலைநகரத்தைத் தொட்டது. வருஷக் கடைசி மாதத்தில் ஒரு சேதி வந்தது: குவோ ஷான் ஓடி ஒளிந்த நாட்களில் சோறு போட்டவர்கள் யார் என்று அவன் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள, அரண்மனையிலிருந்து விசாரணை அதிகாரி குதிரைப்படையோடு புறப்பட்டுவிட்டார். பெங் வென் தெருவைக் கூட்டினார்.

"நம்மள்ல யாரும் கதவு திறக்கலை, சரிதானே?" என்றார். எல்லோரும் சரி என்றார்கள். எல்லோருடைய கண்களும் எதேச்சையாகப் போவதுபோல் சுன்யான்மேல் போய்த் திரும்பின.

துணிக்குச் சாயம் போடும் தூ என்பவன் சொன்னான்: "ஒரு கதவு திறந்திருந்தாலும் தெருவே காலி. தெரிஞ்சும் சொல்லலைன்னு இழுத்துட்டுப் போயிருவான்."

"தலையை இறக்கிப் புதைச்சுட்டா?"

"அரசாங்கச் சொத்துய்யா அது."

அப்போது யாருக்கு அந்த யோசனை முதலில் வந்தது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் வந்தது. அந்த வாரம்தான் அடுப்புச் சாமியை வழியனுப்பும் நாள். அடுப்புக்கு மேலே படமாக ஒட்டியிருக்கும் அந்தச் சாமி, வருஷம் முழுக்க வீட்டில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வருஷக் கடைசியில் மேலுலகம் போய் ஒன்று விடாமல் ஒப்பிப்பார். அதனால் போகிற நாளில், முளைவிட்ட கோதுமையும் தினையும் சேர்த்துக் காய்ச்சிய ஜவ்வு மிட்டாயை அவர் வாயில் அப்பிவிடுவார்கள். வாய் ஒட்டிக்கொண்டால் பேச முடியாது, பேசினாலும் இனிப்பாகப் பேசுவார். சாமிக்குச் செல்லுவது செத்தவனுக்குச் செல்லாதா?

அந்த வழக்கத்தில் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு வீடும் தன் அடுப்பில் தானே காய்ச்சி, தன் கையாலேயே அப்ப வேண்டும். அடுத்த வீட்டு மிட்டாய் நம் வீட்டு ரகசியத்தைக் காக்காது. ஆகையால் வழியனுப்பும் நாள் சாயங்காலம், சிப்பாய்களுக்குச் சூடான சாராயத்தைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, தெருவே வரிசையில் நின்று ஏணியில் ஏறியது. எள் போட்டது, போடாதது, கருகிக் கறுத்தது, இழுத்து இழுத்து வெளுத்தது என்று ஒவ்வொரு வீட்டு மிட்டாயும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, தலையின் மூக்குக்குக் கீழே ஒரு பெரிய உருண்டையாக உறைந்தது. தலை தடுக்கவில்லை. ஏறி வந்த ஒவ்வொரு முகத்தையும் கண்ணால் மட்டும் பார்த்தது. கடைசியாக ஏறியவள் சுன்யான். சின்ன வயதில் அவனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு உதட்டைத் துடைத்த அதே கையால் அப்பினாள். அவள் வாழ்க்கையில் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான் என்று அவளுக்கே தோன்றியது.

விசாரணை அதிகாரி மறுநாள் வெயில் ஏறியபோது வந்தார். ஒல்லியான, சளி பிடித்த, சத்தம் போடாத மனிதர். குதிரையிலிருந்து இறங்காமலேயே தலையை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு புன்னகை செய்தார். அந்தப் புன்னகையில் தெருவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"எங்க வீட்டுலயும் இந்த வழக்கம் உண்டு" என்றார். "எங்கம்மா எள்ளு போடுவாங்க. ஒவ்வொரு வீடும் தன் கையால அப்பணும், இல்லையா? கறுப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, எள்ளு ஒண்ணு. தெரு மொத்தமும் வந்திருக்கீங்கபோல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எத்தனையோ ஊரு சுத்திட்டு வர்றேன். எந்த ஊர்லயும் எவனும் எதோட வாயையும் அடைக்கலை. மடியில கனமில்லாதவனுக்கு வழியில ஏது பயம்? நான் கேள்வியே கேட்க வேண்டாம்போல இருக்கே."

கயிறு கொண்டுவரச் சொன்னார். அப்போதுதான் தெருவுக்குப் புரிந்தது, ஒன்றும் தராத வீடுகளெல்லாம் தங்கள் கையாலேயே குற்றத்தை அப்பிக் காயவைத்திருக்கின்றன என்று. பெங் வென் மண்ணில் விழுந்து தலையை முட்டிக்கொண்டார், அழுகைச் சத்தம் எழுந்தது, சிப்பாய்கள் கயிற்றுச் சுருளைப் பிரித்தார்கள்.

சுன்யான் முன்னால் வந்தாள். முந்தைய நாள் வரைக்கும் எந்த உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பாடுபட்டாளோ, அந்த உயிர் அந்த நிமிஷத்தில் அவளுக்குக் கனக்கவில்லை. பனியில் தடத்தைக் கூட்டிவிட்ட ஜின்னியாங்கின் துடைப்பம்தான் கண்முன் வந்தது.

"ஐயா, நான் ஒருத்திதான் திறந்தேன். நான் அவனுக்கு அக்கா. சோறு போட்டதும் நான், அடுப்போரம் படுக்கவைச்சதும் நான். இந்தத் தெருவுல வேற யாரும் ஒரு சொட்டுத் தண்ணி தரலை. நான் திறந்தது இவங்களுக்குத் தெரியவும் தெரியாது."

"ஆமாய்யா, ஆமாம்!" என்று பெங் வென் எழுந்து கத்தினார். "இவதான்! எங்களுக்கு இப்பத்தான் தெரியுது! நாங்க யாருமே திறக்கலை! அவன் கெஞ்சினான், நாங்க திறக்கவே இல்லை!"

"நாங்க திறக்கலை! நாங்க திறக்கலை!" என்று தெரு மொத்தமும் மார்பில் அடித்துக்கொண்டு சொன்னது. எத்தனையோ நாளாக வாய்க்குள் வைத்திருந்த வார்த்தை, இப்போது போட்டி போட்டுக்கொண்டு வந்தது. மேலே தொங்கியவன் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதிகாரி கையைத் தூக்கினார். "இவ ஒருத்திதான்னா இவ ஒருத்தி போதும். எனக்கு ஒண்ணும் கொலைவெறி இல்லை. ஆனா நீங்க உயிர்பயத்துல சொல்றீங்க, இவ பாசத்துல சொல்றா. செத்த வாய் பொய் சொல்லாதுன்னு தலைநகரம் வரைக்கும் பேசிக்கிறாங்களே, அது உங்க ஊர்ப் பேச்சுதானே?"

"எங்க ஊர்ப் பேச்சுதாங்கய்யா" என்றார் பெங் வென், நிம்மதியாக.

வெந்நீர் காய்ச்சி, ஏணியில் ஏறி, ஒரு சிப்பாய் கரண்டி கரண்டியாக ஊற்றினான். மிட்டாய் இளகி, நூல்நூலாக இறங்கி, தாடியில் வழிந்து, மண்ணில் சொட்டியது. கடைசி நூலும் அறுந்ததும் குவோ ஷான் உதட்டை நக்கிக்கொண்டான்.

"குவோ ஷான்," என்றார் அதிகாரி, "போன பனிக்காலத்துல இந்த ஊருக்கு வந்தியே, உனக்குக் கதவு திறந்தது யாரு?"

தலை தெருவின் முதல் வீட்டைப் பார்த்தது.

"பெங் மாமா திறந்தாரு" என்றது. "உள்ளே கூப்பிட்டு, அடியில நெருப்புப் போட்ட படுக்கைமேடையில உட்காரவைச்சு, அவரோட பஞ்சு மெத்தைச் சட்டையைக் கழட்டி, நடுக்கம் விடுற வரைக்கும் எனக்குப் போட்டுவிட்டாரு. நீலச் சட்டை. நெஞ்சுல ஒரு ஒட்டு இருக்கும்."

பெங் வென் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். அவர் நெஞ்சில் அந்த ஒட்டு இருந்தது.

"சாயக்காரத் தூ அண்ணன் திறந்தாரு. வெந்நீர்ல காலை வைக்கச் சொன்னாரு. தண்ணியில நீலம் மிதந்துச்சு. வைத்தியர் வீட்டுல திறந்தாங்க, கறுத்த விரலுக்கு இஞ்சித் தைலம் தடவினாங்க. படகுக்காரர் வீட்டுல குழந்தைங்க என் மடியில ஏறி உட்கார்ந்துச்சுங்க. ஜின்னியாங் அத்தை ஒரு கிண்ணம் தினைக்கூழ் கொடுத்தாங்க, முள்ளங்கி ஊறுகாயோட."

வீடு வீடாக, விடாமல், அவசரமில்லாமல், ஒவ்வொரு வீட்டிலும் அவனுக்குக் கிடைத்த சூட்டையும் சோற்றையும் அன்பான பேச்சையும் தலை சொல்லிக்கொண்டே வந்தது. சிப்பாய்கள் அந்தந்த வீட்டாரைக் கயிற்றில் கட்டிக்கொண்டே வந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் அழுதார்கள். தாங்கள் சாகப்போவதற்காகவா, அவ்வளவு நல்லவர்களாகத் தங்களை யாரோ சொல்லிக் கேட்பதற்காகவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"உன் அக்கா?" என்றார் அதிகாரி.

தலை சுன்யானைப் பார்த்தது. அதன் கண்ணில் தண்ணீர் இருந்தது, அல்லது அது ஊற்றிய வெந்நீராக இருக்கலாம்.

"கடைசி வீடு" என்றது. "ரொம்ப நேரம் தட்டினேன். அக்கா திறக்கலை."

"பொய்!" என்று சுன்யான் அலறினாள். "பொய் சொல்றான்! நான் திறந்தேன்! நான் ஒருத்திதான் திறந்தேன்! தம்பி, சொல்லுடா! நான் திறந்தேனே, சொல்லுடா!"

குவோ ஷான் கண்ணை மூடிக்கொண்டான். அதன்பிறகு அந்தத் தலை ஒருபோதும் பேசவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னம் ஒட்டி, தோல் கறுத்து, மற்ற ஊர் வாசல்களில் தொங்கும் தலைகளைப்போல வெறும் தலையாகிவிட்டது.

அதிகாரி அவளிடம் வந்து, ராஜவிசுவாசிகளுக்குப் போர்த்தும் சிவப்புத் துணியைத் தோளில் போட்டார். "கூடப்பிறந்தவனுக்கே கதவு திறக்காத விசுவாசம். அரண்மனையில சொல்றேன்" என்றார். அவள் துணியை வீசியெறிந்துவிட்டுக் கயிற்றோடு போய் நின்றாள். சிப்பாய்கள் அவளைப் பிரித்து எடுத்து, மரியாதையாகவே ஓரமாகத் தள்ளினார்கள். மறுபடி போனாள், மறுபடி தள்ளினார்கள்.

தெரு மொத்தமும் ஒரே கயிற்றில் தெற்கு வாசல் வழியாக ஆற்றங்கரைக்குப் புறப்பட்டது. பெங் வென் நடக்க மாட்டாமல் இழுபட்டுப் போனார். யாரும் சுன்யானைச் சபிக்கவில்லை, அவளை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. ஜின்னியாங் மட்டும் அவள் பக்கத்தில் வந்ததும் நின்றாள். பின்னால் வந்தவர்களும் நிற்கவேண்டியதாயிற்று.

"கூழ் கொடுத்தேன்னு சொன்னானே" என்றாள். கோபமில்லாமல், ஏதோ ஞாபகம் வந்தவள்போலச் சொன்னாள். "முள்ளங்கி ஊறுகாயோடன்னு. கதவு இடுக்கு வழியா அவனுக்கு வாசம் அடிச்சிருக்கு, சுன்யான். அன்னிக்கு எங்க வீட்டுல நிஜமாவே கூழ் இருந்துச்சு."